மைக் வாங்கும் முன் அறையைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், எந்த மைக் வாங்கலாம் என்பதற்கே பாதிக்கு மேல் இடம் போய்விட்டது. பாடும் அறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வீட்டுப் பதிவு கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டி முடித்த பிறகும் 'கிர்ர்' என்று ஒலி ஓடினால், அது எதிரெதிர்ச் சுவர்களில் மாறி மாறி மோதும் ஒலி. பாடும்போது அது உறைக்காது. மிக்ஸிங்கில், அதாவது பதிந்த ஒலிகளைச் சேர்த்துச் சமன்படுத்தும்போது, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரஷர் போட்டதும் உரத்த இடங்கள் அமுங்கி, எதிரொலியும் ஃபேன் இரைச்சலும் மேலே வந்துவிடும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கண்டென்சர் மைக் இதையெல்லாம் நுணுக்கமாகப் பிடித்துத் தரும். அதனால் சரிசெய்யாத அறையில், தூரத்து ஒலியை அவ்வளவாகப் பிடிக்காத, வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் மைக்கே மேல்.

முட்டை அட்டை, மெல்லிய ஃபோம் இரண்டும் வீண் செலவு. மேல் அதிர்வெண்களை மட்டும் அவை உறிஞ்சும். கீழே உள்ளவை அப்படியே தங்கி, குரல் டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். கனத்த பஞ்சு மெத்தையோ மடித்த கம்பளியோ போதும், ஆனால் இடம் முக்கியம். பலர் அதை மைக்குக்குப் பின்னால் மாட்டுகிறார்கள். கார்டியாய்டு மைக் தன் முன்பக்கத்தைத்தான் கேட்கும். அதாவது பாடுபவரையும் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். மெத்தை அந்தச் சுவரில், 10 செ.மீ. இடைவெளி விட்டுத் தொங்கட்டும்.

கண்டென்சர் மைக் என்றால் வாய்க்கும் அதற்கும் 15 முதல் 20 செ.மீ., நடுவில் பாப் ஃபில்டர் ('ப' போன்ற எழுத்துகளின் காற்றடியைத் தடுக்கும் வலை). இன்னும் நெருங்கினால் அடிக்குரல் உப்பிக்கொள்ளும். கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, பல்லவி பாடி வைக்காதீர்கள். சரணத்தில் மேல்ஸ்தாயிக்குப் போனதும் அளவு மீறி ஒலி உடைந்து 'கிளிப்' ஆகிவிடும், அதைப் பின்னால் மீட்பது கடினம். இருப்பதிலேயே உரத்த வரியைப் பாடி, உச்சம் மீட்டரில் (பூஜ்ஜியமே அதன் எல்லை) மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். 24 பிட்டில் (மெல்லிய ஒலியையும் நுணுக்கமாகப் பதியும் அமைப்பு) பதிந்தால் அளவு தாழ்ந்திருப்பதால் நஷ்டமில்லை.

சுருதிக்காக ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கிப் பாடுவது வழக்கம். அந்தப் பக்கத்து ஒலியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் தம்புரா மைக்கில் கசிந்து, குரலை வெட்டி ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் சுருதி துள்ளும்.

இவ்வளவும் செய்தாலும் ஸ்டூடியோவின் இரண்டாவது காது வீட்டில் கிடைக்காது. 'ழ' வழுக்கியதையும் சொல்லின் நடுவே மூச்சு வாங்கியதையும், தொண்டை களைத்ததையும் பாடிக்கொண்டிருப்பவரே கவனிப்பது அபூர்வம். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் சவுண்ட் இன்ஜினியர் அந்த இடத்திலேயே டேக்கை (அந்த முறைப் பதிவை) நிறுத்துவார். ஆகவே முதன்மைக் குரலை ஸ்டூடியோவில் பாடுங்கள்; ஹம்மிங், கோரஸ், மாதிரிப் பாடல் ஆகியவற்றை வீட்டில் தாராளமாக முடிக்கலாம். ஸ்டூடியோவுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு டிராக்கையும் (தனித்தனிப் பதிவையும்) ரிவர்ப் எனும் செயற்கை எதிரொலி இல்லாமல், பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே வேவ் (WAV) கோப்பாக எடுங்கள். எம்பி3 வேண்டாம், கோப்பின் முன்னால் சேரும் சில மில்லி நொடி மௌனமே தாளத்தைத் தள்ளிவிடும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறை வாசகர்