கார்ட்டில் எட்டு கேம் வைத்திருக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

நேற்று ராத்திரி 11.40-க்கு நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையின் கார்ட்டில் எட்டு கேம், மொத்தம் 4,860 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சைப் பெட்டிக்குள் தள்ளுபடி சதவீதம்: மைனஸ் 75, மைனஸ் 60, மைனஸ் 80. கீழே “மாமா, எல்லாம் செம டீல். கட்டிரட்டா?” என்று கேட்டிருந்தாய். “பொறுலே” என்று மட்டும் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். முதல் ஸ்டைபெண்ட் கைக்கு வந்த வாரம், கை அரிக்கத்தான் செய்யும். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். உன்னைப் போல இன்னும் நாலு மருமகன்கள் படித்தால் படிக்கட்டும்.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. என் ஸ்டீம் கணக்கில் 214 கேம் இருக்கிறது. அதில் 131 கேமை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. உங்கம்மா பீரோவில் ஆடித் தள்ளுபடிக்கு எடுத்த புடவைகள் விலைச்சீட்டோடு அடுக்கியிருக்குமே, அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கிண்டல் செய்தவன் நான். புடவையையாவது யாருக்காவது எடுத்துக் கொடுக்கலாம். இதுபோக இன்னொரு கேம் கடையான எபிக் ஸ்டோரில் வியாழக்கிழமைதோறும் இலவசமாகக் கொடுப்பதை எடுத்துப் போட்டுக்கொள்வது தனிக் கணக்கு. கோயில் வாசலில் சுண்டல் கொடுக்கும்போது கை நீட்டாமல் வர மனசு வருமா?

எனக்கு இந்த வியாதி வந்த கதையைச் சொல்கிறேன். 2004-ல் சென்னைக்குப் படிக்க வந்தபோது கேம் என்றால் ரிச்சி தெருதான். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு டிஸ்க், மேலே கலர் ஜெராக்ஸ் எடுத்த அட்டைப் படம். ஒன்று 100 ரூபாய், மூன்றாக எடுத்தால் 250. திருட்டு டிஸ்க்தான், மறைக்க ஒன்றுமில்லை. கடைக்காரர் கையில் என்ன இருக்கிறதோ அதுதான் நாம் ஆடும் கேம். எனக்கு வாய்த்தது வைஸ் சிட்டி. மற்ற இரண்டு டிஸ்க்கும் கீறல் விழுந்து, இன்ஸ்டால் 87 சதவீதத்தில் நின்றுபோய்விட்டது. அதனால் ஒரு வருடம் முழுக்க அந்த ஒன்றையே ஆடினேன். எந்தத் தெருமுனையில் திரும்பினால் எந்தச் சுவரில் வண்டி இடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்றைக்கு எதை வாங்குவது என்ற கேள்வியே எழவில்லை.

2015 கடைசியில் ஸ்டீம் விலைகளை ரூபாயில் காட்ட ஆரம்பித்தது. அதுவரை டாலரில் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த எனக்கு, கொட்டிக் கிடக்கிற சந்தைக்குள் அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து நினைத்தே செலவழித்தேன். 80 சதவீதத் தள்ளுபடியில் வாங்கித் திறக்காமல் வைத்திருக்கும் கேமுக்கு நான் கொடுத்தது 20 சதவீதம் இல்லை, மாப்ளே. கொடுத்தது பூராவும் தண்டம்.

இப்போது உன் கார்ட்டுக்கு வருகிறேன். உனக்கு ஏன் இவ்வளவு அவசரம்? சேல் முடிந்துவிடும், அதுதானே? ஸ்டீமில் வருடத்துக்கு நான்கு பெரிய சேல் வருகிறது. ஒரு காலத்தில் சேல் நடக்கும்போதே சில மணி நேரத்துக்கு மட்டும் விலையை இன்னும் இறக்குவார்கள். நாங்கள் அலாரம் வைத்து எழுந்து பார்ப்போம். அந்த வழக்கத்தை 2015-லேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது முதல் நாள் விலைதான் பொதுவாகக் கடைசி நாள் வரைக்கும். ஸ்டீம்டிபி தளத்தில் ஒரு கேமின் பெயரைப் போட்டால் அதன் பழைய விலையெல்லாம் கோடு கோடாக வரும். உன் எட்டில் ஒன்றைத் தேடிப் பார். “மிகப் பெரிய தள்ளுபடி” என்று நீ துள்ளியது, போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் வந்த அதே விலையாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

அதைவிட முக்கியமானது ரீஃபண்ட். வாங்கி 14 நாளைக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால், பிடிக்கவில்லை என்று சொல்லியே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2015 ஜூனிலிருந்து இந்த விதி இருக்கிறது. டிரெய்லர், யூடியூப், உன் ரூம்மேட் எல்லாம் சேர்ந்து சொல்ல முடியாததை அந்த இரண்டு மணி நேரம் சொல்லிவிடும். ஆனால் எட்டையும் ஒரே ராத்திரியில் வாங்கினால் என்ன ஆகும்? இன்டர்னல் பரீட்சை, அசைன்மென்ட், மெஸ் க்யூ இத்தனைக்கும் நடுவில் 14 நாளில் எட்டையும் தொட்டுப் பார்க்க உன்னால் முடியாது. இரண்டைத் திறப்பாய். மிச்சம் ஆறுக்கும் உன் ரீஃபண்ட் உரிமை தூங்கிக்கொண்டே செத்துப்போகும். என் 131 அப்படிப் போனதுதான். ஒன்று வாங்கு. அன்றைக்கே இறக்கு. அன்றைக்கே ஆடு. அது முடிந்த பிறகோ சலித்த பிறகோ அடுத்ததற்கு வா.

விமர்சனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. “95% பாசிட்டிவ், மாமா” என்கிறாய். அது நூற்றுக்கு 95 மார்க் இல்லை. விமர்சனம் எழுதியவர்களில் நூற்றுக்கு 95 பேர் கட்டைவிரலை மேலே காட்டினார்கள் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். பேய் கேமை வாங்குகிறவன் பெரும்பாலும் பேய் கேம் பிடித்தவன்தான். அவனுக்குப் பிடித்ததால், ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போகாத உனக்கும் பிடிக்கும் என்று ஆகிவிடாது. நான் முதலில் சிவப்புக் கட்டைவிரல்களை, அதாவது பிடிக்கவில்லை என்றவர்கள் எழுதியதைத்தான் படிப்பேன். எழுதினவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்று மேலேயே போட்டிருக்கும். “ஒன்றுமே நடக்கவில்லை, ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது” என்று ஒருவர் திட்டியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் நான் ஸ்டார்டியூ வேலி வாங்கினேன். எரிக் பரோன் என்கிற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்து 2016-ல் வெளியிட்ட கேம் அது. அந்த மனிதர் திட்டிய அதே காரணத்துக்காக எனக்குப் பிடித்துப்போனது.

கார்ட்டில் சைபர்பங்க் 2077-ஐ வைத்திருக்கிறாய். அது வெளிவந்த 2020 டிசம்பரில் டிவியில் மாட்டி ஆடும் பழைய கன்சோல்களில் ஓடிய லட்சணத்தைப் பார்த்து, ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. முன்பதிவு செய்தவர்கள் முழு விலையும் கொடுத்து மொத்தப் பிழையையும் வாங்கினார்கள். 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்த பிறகு அது வேறு கேம். மூன்று வருடம் கழித்து வந்தவன் குறைந்த காசுக்கு நல்லதை ஆடினான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது இந்த ஒரு தொழிலிலாவது நடக்கிறது. நல்ல கேம்தான், இப்போது வாங்கலாம். ஆனால் 70 ஜிபி இடம் வேண்டும். ஹாஸ்டல் வைஃபை படுத்துவிட்டால், தினம் 2 ஜிபி டேட்டா பேக்கில் இறக்கி முடிக்க 35 நாள். அதற்குப் பக்கத்தில் நீ போட்டிருக்கும் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இன்னும் மோசம், 150 ஜிபி இடம் கேட்கிறது. உன் லேப்டாப்பில் மொத்தமே 512. புராஜெக்ட் ஃபைலை எங்கே வைப்பாய்?

பெர்சோனா 5 ராயலை “100 மணி நேரம் ஓடும் மாமா, மணிக்கு இத்தனை ரூபாய்தான் ஆகுது” என்று கணக்குப் போட்டிருக்கிறாய். இந்தக் கணக்குதான் என்னையும் கெடுத்தது. உன்னால் வாரத்துக்கு ஏழு மணி நேரம் ஒதுக்க முடியும் என்றே வைத்துக்கொள். 100 மணி நேரம் என்றால் 14 வாரம், ஒரு செமஸ்டர். ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு கதைக்குள் இருக்க ஆசை என்றால் தாராளமாக வாங்கு, அது அருமையான கேம். மலிவு என்பதற்காக வாங்காதே. ஃபில்டர் காபியை யாரும் லிட்டர் கணக்குப் பார்த்துக் குடிப்பதில்லை.

போன தீபாவளிக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது உங்கம்மாவும் நானும் ஒரு கேம் ஆடினோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ பக்கத்து அறையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெண்பா. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-ல் கொண்டுவந்தது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம்: வெண்பா, பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கும். விட்டுப்போனதை நாம் யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். உங்கம்மா வாழ்நாளில் மவுஸைத் தொட்டதில்லை. முதலில் தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இட்லிப் பானை திரையில் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “அப்படி வைக்காதடா, குழிக்கு மேல குழி வரக் கூடாது, மாத்தி வை.” நான் திணறுவதைப் பார்த்துப் பொறுக்காமல் மவுஸைப் பிடுங்கினாள். கை நடுக்கத்தில் தட்டு எங்கெங்கோ போனது, ஆனால் விடவில்லை. கவின் பெரியவனாகி, பாட்டியின் தமிழைப் படிக்கத் தடுமாறும் இடம் வந்தபோது அவள் ஒன்றும் பேசவில்லை. வெங்காயம்தான் காரணம் என்று பிறகு சொன்னாள்.

அது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. உன் கணக்குப்படி படு நஷ்டம். என் 214-ல் கொடுத்த காசு முழுதாக வசூலான கேம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இங்கே ஒரு சின்ன நியாயமும் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற கேமை முழுசாக ஆடிவிட்டு ரீஃபண்ட் கேட்டாலும் ஸ்டீம் கொடுத்துவிடும், விதி அப்படி. 2021-ல் சம்மர் ஆஃப் 58 என்ற சின்ன பேய் கேமைச் செய்தவர், நிறையப் பேர் முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள், அதனால் கேம் செய்வதிலிருந்து காலவரையின்றி விலகுகிறேன் என்று அறிவித்தார். சாப்பிட்டு இலையை மடித்துவிட்டு ருசி இல்லை என்று காசு கேட்கிற வேலை அது. நீ செய்ய மாட்டாய். சும்மா சொல்லி வைக்கிறேன்.

ஹாலோ நைட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசி. அதை நீ ஆடி ரசித்ததில்லை, ஒரு ஸ்ட்ரீமர் ஆடுவதைப் பார்த்து ரசித்தாய். அது செத்துச் செத்துப் பழகுகிற கேம். செத்த இடத்துக்கே திரும்பப் போய், உன் நிழலோடேயே சண்டை போட்டுத்தான் தவறவிட்ட காசை மீட்க வேண்டும். கேரம் போர்டில் இரண்டு தடவை ஃபைன் விழுந்தால் ஸ்டிரைக்கரை வைத்துவிட்டு எழுந்து போகிறவன் நீ. ஆட வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உன் முகம் எப்படிப் போகிறது என்று நீயே பார்த்துக்கொள். ஸாம்பி கேம் இரண்டும் எண்ணிக்கைக்காகப் போட்டது என்று உனக்கே தெரியும்.

ரூமில் நாலு பேரும் ஒரு கேம் ஆடுகிறார்கள், நீயும் சேர வேண்டும் என்றால் என்னைக் கேட்காமலே வாங்கிவிடு. அதைவிட நல்ல காரணம் கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: சர்வரை நம்பி ஓடுகிற கேமுக்குப் பெரிய தொகை போடாதே. 2014-ல் வந்த தி க்ரூ என்ற கார் ஓட்டும் கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவன் தனியாகக்கூட வண்டி ஓட்ட முடியாமல் போயிற்று. ஸ்டீமும் இப்போது பணம் கட்டும் பக்கத்திலேயே, நீ வாங்குவது உரிமம்தான் என்று எழுதிவிடுகிறது. கையிலேயே வைத்துக்கொள்ள ஆசை என்றால் ஜிஓஜி என்ற கேம் கடையில் தேடு. அங்கே இன்ஸ்டாலரையே இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைக்கலாம்.

கடைசியாக, உன் கார்ட்டில் எட்டாவதாக, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது யூரோ டிரக் சிமுலேட்டர் 2, லாரியில் லோடு ஏற்றி ஊர் ஊராக ஓட்டுகிற கேம். உன் நண்பர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்றுதானே அதை அடியில் வைத்தாய்? பிராகில் இருக்கும் எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் 2012-ல் வெளியிட்டது, உன் லேப்டாப்பில் அலுங்காமல் ஓடும். உனக்கு ஆறு வயது இருக்கும்போது திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் பஸ்ஸில் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டில் உட்கார மாட்டேன் என்று டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பானட்டில் ஏறி உட்கார்ந்தாய். சூடு தாங்காமல் உன் டவுசருக்குக் கீழே என் துண்டை மடித்துப் போட்டேன். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் நீயும் காற்றில் ஒரு கியர் மாற்றினாய். அம்பையில் இறங்கச் சொன்னபோது நீ போட்ட கூப்பாட்டில் கண்டக்டர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இந்த எட்டில் உன்னுடையது எது என்று எனக்கு அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அதற்கு இலவச டெமோ இருக்கிறது, இன்றைக்கு ராத்திரி அதைப் போடு. பிடித்தால் அடிப்படை கேமை மட்டும் வாங்கு. ஸ்காண்டிநேவியா, இத்தாலி என்று வரைபடம் வரைபடமாகத் தனித்தனியே விற்பார்கள், அந்தப் பக்கமே போகாதே. இருக்கிற ரோடு தீரட்டும். மிச்ச ஏழையும் விஷ்லிஸ்ட்டுக்கு மாற்றிவிடு, விலை இறங்கும்போது அதுவே மெயில் அனுப்பும்.

முதல் லோடு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று காலையில் மெசேஜ் போடு. ரிவர்ஸ் எடுக்கும்போது எத்தனை தடவை இடித்தாய் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
மாமா

பி.கு.: மிச்சப் பணத்தில் உங்கம்மாவுக்கு ஒரு மவுஸ் வாங்கிக் கொடு. போன வாரம் போனில், “அந்த இட்லி கேம் மாதிரி வேற ஏதாவது வந்திருக்காடா?” என்று கேட்டாள்.