தட்டுகளை இன்னும் பத்து நாள் வைத்திரு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீ பிரித்தெடுத்த அறுபது மண் பாக்டீரியாக்களில் நான்கு மட்டுமே நோய்க்கிருமியின் வளர்ச்சியைத் தடுத்தன என்றும், அந்த நான்கும் சுரந்தது ஸ்ட்ரெப்டோத்ரைசின் என்ற பழைய நுண்ணுயிர்க்கொல்லிதான் என்று தெரிந்தபின், பாக்டீரியாக்களை வளர்க்கும் எல்லாத் தட்டுகளையும் அழித்துவிடலாமா என யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். அழிக்காதே. 1942இல் கண்டறியப்பட்டு, சிறுநீரகத்தைப் பாதிப்பதால் ஒதுக்கப்பட்ட அதே பொருளை, வேறு மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளின்மேல் சோதித்து 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். ஆனால் எனக்குக் கவலை அந்த நான்கைப் பற்றியன்று. உன் தட்டில் இன்னும் முளைக்காதவற்றைப் பற்றி.

வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்த புதிதில், மூன்று நாளாகியும் வெறும் பிசுபிசுப்பான திட்டுகளே தெரிகின்றன என்று ஒரு தொகுதித் தட்டுகளை நானாகவே அவித்துக் கழுவிவிட்டேன். அலமாரி மூலையில் தப்பிக் கிடந்த ஒன்றைப் பேராசிரியர் இரண்டு வாரம் கழித்து எடுத்துக் காட்டினார். சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல், தட்டிலுள்ள அகார் என்ற வளர்கூழைக் கவ்விக்கொண்டு, ஊசியால் கிள்ளினாலும் எளிதில் வராத கெட்டியான புள்ளிகள். மூடியைத் திறந்ததும் முதல் மழையின் மண்வாசனை. அந்த வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினைச் சுரப்பவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா இனங்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். (நான் முகர்ந்தேன் என்பதற்காக நீ முகராதே.)

சாதாரண பாக்டீரியா ஒரே இரவில் தட்டை நிரப்பிவிடும். இவற்றுக்கோ ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். அதனால்தான் நாங்கள் மண்ணை முதலில் நிழலில் உலர்த்தி, பிறகு மிதமாகச் சூடாக்குவோம். அவசரக்காரர்கள் மடிய, வித்துகளாக உறங்குபவை பிழைக்கும். மாவுச்சத்தும் பால்புரதமான கேசினும் சேர்த்த அகாரில், பூஞ்சையைத் தடுக்கச் சைக்ளோஹெக்சிமைடு கலப்போம். அதுவும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் தந்த பொருளே என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

இத்தனை செய்தும் மண்ணில் வாழ்பவற்றில் மிகச் சிறு பங்குதான் ஆய்வகத்தில் வளரும். பாஸ்டன் நகரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் இதற்கு வேறு வழி கண்டார்கள். சிறு குழிகள் நிறைந்த தகட்டில் குழிக்கு ஒரு செல் வீதம் இட்டு, இருபுறமும் சவ்வால் மூடி, எடுத்த மண்ணிலேயே திரும்பப் புதைத்தார்கள். சவ்வின் வழியே மண்ணின் சத்து உள்ளே வந்ததால், தட்டில் முளைக்க மறுத்தவையும் பெருகின. மெய்ன் மாநிலப் புல்வெளி ஒன்றின் மண்ணிலிருந்து, சுமார் 10,000 பாக்டீரியாக்களைச் சலித்துக் கிடைத்த டெய்க்ஸோபாக்டின் என்ற புதிய நுண்ணுயிர்க்கொல்லியை 2015இல் அறிவித்தார்கள். உன் அறுபதை அந்தக் கணக்கோடு வைத்துப் பார்.

மருந்து ஆய்வாளர் சுரேன் சேகலின் கதையை உன் பள்ளி நாளில் சொல்லியிருக்கிறேன். 1964இல் கனடா மருத்துவக் குழு ஈஸ்டர் தீவிலிருந்து கொண்டுவந்த மண்ணின் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஒன்று ராபமைசின் என்ற பொருளைத் தந்தது. பூஞ்சைக்கொல்லியாகத் தேடியது, நோயெதிர்ப்பையும் அடக்கியது. சேகல் பணிபுரிந்த மாண்ட்ரியல் ஆய்வகம் மூடப்பட்டபோது, குப்பைக்குப் போக வேண்டிய அந்த ஸ்ட்ரெப்டோமைசிஸை அவர் வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காப்பாற்றி, புதிய ஊருக்கும் எடுத்துச் சென்றார். 1999இல் ராபமைசின் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆகவே, நான்கையும், உறைபனியில் செல்கள் சாகாமல் காக்கும் கிளிசராலில் உறையவை. மீதித் தட்டுகள் காய்ந்துவிடாதபடி சுற்றி இன்னும் பத்து நாள் விட்டுவை. மண் எடுத்த இடம், ஆழம், நாள் மூன்றையும் குறிப்பேட்டோடு நிறுத்தாமல் குப்பியின் மேலும் எழுது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, வெண்பொடி பூத்த புள்ளி ஏதேனும் தெரிகிறதா என்று சொல்.

அன்புடன்,
அப்பா