மணல் நடக்கும் திசை

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் பேங்க் பரீட்சையில் பாஸான செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பேப்பர் படிக்கிறார்கள். உன்னை ரொம்ப விசாரித்தார்கள்.

நான் உடனே பதில் எழுத வேறொரு காரணம் இருக்கிறது. சின்ன வயதில் நம் இரண்டு பேருக்கும் கடைசிவரை பிடிபடாமல் போன ஒரு விஷயம் இப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போகிற வழியெல்லாம் கடலோரத்தில் கருங்கல்லாகக் கொட்டி வைத்திருப்பார்களே, பேருக்குக்கூட மணல் இருக்காதே. ஞாயிற்றுக்கிழமை மெரினா போனால் தண்ணீரைத் தொடுவதற்குள் உள்ளங்கால் வெந்துபோகும், அவ்வளவு மணல். ஒரே ஊர், ஒரே கடல். அங்கே கொடுக்கிறது, நம் பக்கம் பிடுங்குகிறது. கேட்டால் உன் ஆயா, “கடலம்மாவுக்கு நம்ம மேல கோவம்டா” என்பார். நாம் என்ன செய்தோம் என்று எனக்குப் பயமாகவே இருக்கும்.

இப்போது மகள் வீட்டில், திருவான்மியூரில் இருக்கிறேன். காலையில் கடற்கரையில் நடக்கும்போது வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுவாக்கில் இதைக் கேட்டேன். “மண்ணு நடக்கும் சார். தெக்கால இருந்து வடக்கால போய்க்கினே இருக்கும்” என்றார். நம்பமுடியாமல் அங்கேயே நின்று பார்த்தேன். யாரோ விட்ட சாமந்தி மாலை ஒன்று கரையோரம் கிடந்தது. அலை நேராக வரவில்லை. தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து மாலையையும் சாய்வாக மேலே தள்ளியது. தண்ணீர் திரும்பும்போது நேராகச் சரிவில் இறங்கியது. அதனால் ஒவ்வோர் அலைக்கும் மாலை கொஞ்சம் கொஞ்சம் வடக்கே நகர்ந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசையாக நின்ற படகுகளையெல்லாம் தாண்டிவிட்டது. கரையிலுள்ள ஒவ்வொரு மணலும் இப்படித்தான் போகிறது, குமார். வருஷத்தில் ஏறக்குறைய எட்டு மாதம் வடக்கே. வாடைக்காற்றுக் காலத்தில் தெற்கே திரும்பும், ஆனால் அது கொஞ்ச காலம்தான்.

இப்படி நடந்துகொண்டிருந்த மணலுக்குக் குறுக்கே சென்னைத் துறைமுகத்தின் தெற்குச் சுவர் எழுந்தது. 1875-இல் அடிக்கல் போட்டார்கள். 1881 புயல் கட்டியதில் பெரும்பகுதியைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் மேலே போக வழியில்லாமல் சுவருக்குத் தெற்கே, மெரினா பக்கமே சேர்ந்தது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தபோது கரை இத்தனை அகலம் கிடையாது. இன்றைக்குச் சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல். கூவம் முகத்துவாரத்தை மணல் அடைப்பதற்கும் இது ஒரு காரணம். துறைமுகத்தையும் மணல் விடவில்லை. முதலில் கிழக்கு பார்த்து வைத்த வாயில் தூர்ந்துகொண்டே வந்ததால் அதை மூடிவிட்டு வடகிழக்கில் திறந்தார்கள்.

சுவருக்கு வடக்கே, நம் பக்கத்தில், அலை வழக்கம்போல மணலை எடுத்துக்கொண்டு வடக்கே போகிறது. அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து வரவேண்டியது வருவதில்லை. வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் நடக்கிற குடும்பம் மாதிரி ஆகிவிட்டது வடசென்னைக் கரை. மெரினாவில் நாம் உருண்டு புரண்ட மணல், நம் வாசலுக்கு வந்திருக்க வேண்டிய மணல்டா! இதை நினைத்து அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வருத்தம் ஒருபக்கம். இன்னொருபக்கம், கடல் யார் மேலேயும் கோபப்படவில்லை என்று தெரிந்ததில் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினாற்போல இருந்தது. ஆயா இருந்திருந்தால் முதலில் அவரிடம்தான் போய்ச் சொல்லியிருப்பேன்.

கல் கொட்டினால் அந்த இடம் தப்பிக்கும், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும். ராயபுரத்தைக் காப்பாற்றினால் திருவொற்றியூர், அப்புறம் எண்ணூர். இப்போது தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்கள், போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் மணல் தங்குவது உண்மைதான். ஆனால் கடைசி வளைவுக்கு வடக்கே இருப்பவர்களை யார் கேட்பது? புதிதாக எங்கே துறைமுகம் கட்டினாலும், வடபக்கத்து ஊர்களுக்கு மணலை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்யவேண்டும் என்பது என் கட்சி.

நீ புதுச்சேரியில் தினமும் வாக்கிங் போகும் காந்தி சிலை ஓரமும் இதே கதைதான். அங்கே 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர் கட்டியபிறகு ஊருக்கு முன்னால் இருந்த மணல் போய்க் கல்தான் மிஞ்சியது. சில வருஷத்துக்கு முன்னால் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ஒரு நாள் துறைமுகத்துக்குத் தென்பக்கம் போய், அங்கே கரை எவ்வளவு தூரம் கடலுக்குள் நீண்டிருக்கிறது என்று பார்த்து எழுது. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை.

தை மாதம் பேத்திக்குக் காது குத்துகிறோம். தேதி பிறகு எழுதுகிறேன். தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வா, இரண்டு நாள் கூடவே தங்குகிற மாதிரி வா. எண்ணூர் வரைக்கும் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

அன்புடன்,
ரவி