தவளை முத்திரையும் எங்கள் மலையும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தம்பி மகன் கடையைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டது உனக்குப் பெரிய நிம்மதியாக இருக்கும். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் மதினிக்குத்தான் முழங்கால் வலி குறையவில்லை. மழைக்காலம் வந்தால் இந்த மலையில் அது கூடவே செய்யும்.

பச்சைத் தவளை படம் போட்ட டீத்தூள் பாக்கெட்டை உன் கடையில் கொண்டுவந்து வைக்கிறார்கள், விலையும் கூட, அது நிஜமாகவே காட்டைக் காக்கிற கம்பெனியின் தூளா என்று கேட்டிருந்தாய். உனக்கு ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. தேயிலைத் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக ஃபேக்டரியிலேயே வயது போனவன் நான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் எங்கள் ஊரின் அமைப்பு. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம், பெரும்பகுதி தேயிலை, மிச்சத்தில் காபியும் ஏலமும் விறகுக்கு வைத்த யூகலிப்டஸும். ஒரு பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பறம்பிக்குளம், வாழச்சால். 1890களில் வெள்ளைக்காரர்கள் மழைக்காட்டை வெட்டித் தோட்டம் போட்டபோது எல்லாவற்றையும் வெட்டி முடிக்கவில்லை. சரிவு அதிகமான இடம், பாறை, ஓடைக்கரை, ஏலம் வைத்த நிழல் என்று அங்கங்கே துண்டு துண்டாகக் காடு தங்கிவிட்டது. இன்றைக்கும் தேயிலைக்கு நடுவே அந்தத் துண்டுகளில்தான் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு இருக்கிறது, இருவாச்சிப் பறவை இருக்கிறது. பகலில் யானை ஒதுங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இந்தத் துண்டுகள் கம்பெனி நிலத்துக்குள் இருப்பவை. வனத்துறை வேலி போட்டுக் காக்க முடியாது. கம்பெனி நினைத்தால்தான் அவை மிஞ்சும். மைசூரைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பில் திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் புரிந்துகொண்டு, 2000ஐ ஒட்டிய வருடங்களில் தோட்ட நிர்வாகங்களிடம் பேச ஆரம்பித்தார்கள். பாரி ஆக்ரோ, டாட்டா காபி போன்ற கம்பெனிகள் கைகோத்தன. சிதைந்து கிடக்கும் துண்டுகளில் பழைய காட்டு மரங்களையே திரும்ப நடுவது, இனி அங்கே மரம் வெட்டுவதில்லை என்பதுதான் பேச்சு.

அவர்கள் நாற்று போடும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நல்ல காட்டுக்குள் போய் விதையை வாரிக்கொண்டு வருவதில்லை. ரோட்டோரத்தில், பாதையில் விழுந்து, வண்டி ஏறியோ வெயிலில் காய்ந்தோ வீணாகப் போகிற விதைகளைப் பொறுக்கி நர்சரியில் பையில் வளர்க்கிறார்கள். வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம், காட்டு நாவல், சந்தன வேம்பு என்று நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். வெடிப்பலா உனக்குத் தெரியாமல் இருக்கலாம். முள் முள்ளாகக் காய்க்கும், சோலைமந்திக்கு முக்கியமான தீனி. தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் நடுவார்கள். அதற்கு முன்னால் உண்ணிச்செடியை வெட்டி எடுக்கவேண்டும். நட்ட பிறகும் இரண்டு மூன்று வருடம் களை பார்க்கவேண்டும். காபிச் செடிகூட அங்கே களைதான். ரொபஸ்டா காபிப் பழத்தை மிருகங்கள் தின்று விதையைக் காட்டுக்குள் போட, அது அடர்ந்து முளைத்துக் காட்டு நாற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் உண்டா என்று நீ கேட்பாய். நட்டு ஏழு முதல் பதினைந்து வருடமான இடங்களையும், சும்மா விட்டுவைத்த இடங்களையும், பழைய காட்டையும் அளந்து ஒப்பிட்டு 2019இல் ஆய்வு வெளியிட்டார்கள். நட்ட இடங்களில் மரத்தின் நெருக்கமும் வகையும் அதிகம், மரத்தில் சேர்ந்த கார்பனும் அதிகம். ஆனாலும் பழைய காட்டை இன்னும் எட்டவில்லை. அது நம் ஆயுளுக்குள் நடக்கிற காரியமில்லை, முருகேசா. வெட்டாமல் விட்ட ஒரு ஏக்கரின் மதிப்பு என்ன என்பதை எனக்கு விளங்கவைத்தது அந்தக் கணக்குதான்.

அப்புறம் யானை. வருடத்துக்கு நூறு யானைக்கு மேல் இந்த மேட்டைக் கடந்து போகின்றன. 1994 முதல் 2012 வரை முப்பதுக்கும் மேற்பட்டோர் யானையால் இறந்திருக்கிறார்கள். அதே அமைப்பைச் சேர்ந்த ஆனந்த குமார் ஒவ்வொரு சாவையும் எடுத்து எப்படி நடந்தது என்று பார்த்தார். பெரும்பாலும் பக்கத்தில் யானை நிற்பதே தெரியாமல், சாயங்காலமோ இரவிலோ நடந்து போனவர்கள். அப்படியானால் தெரியப்படுத்தினால் போதுமே! உள்ளூர் கேபிள் டிவியில் இன்றைக்கு எந்த எஸ்டேட்டில் யானை என்று ஓடும் எழுத்தில் போட்டார்கள். அப்புறம் செல்போனுக்குக் குறுஞ்செய்தி, தமிழிலும் ஆங்கிலத்திலும். பஸ் இறங்கி, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு நடக்கிற இடங்களில் செல்போனால் எரியவைக்கும் சிவப்பு விளக்கு வைத்தார்கள். அதை இயக்குவது பல இடங்களில் தோட்டத்து ஆட்கள்தான். சாவு குறைந்தது. 2015இல் ஆனந்த குமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்காகத் தரும் இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது.

யானை எந்த வழியில் நடக்கிறது என்று பின்தொடர்ந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பகலில் அவை காட்டுத் துண்டிலும் ஆற்றோரத்து மரச்செறிவிலும்தான் தங்குகின்றன. அதனால் நடு ஆறு, சோலையாறு என்ற இரண்டு ஆறுகளின் கரையில் இருபது மீட்டர் அளவுக்காவது மரமும் புதருமாக விட்டுவைக்கவேண்டும், விறகுக்கு வைத்த யூகலிப்டஸை ஒரேயடியாக மொட்டையடிக்காமல் பகுதி பகுதியாக வெட்டவேண்டும் என்று சொன்னார்கள். கம்பெனியின் உண்மையான மனசு இங்கேதான் தெரியும் என்பது என் எண்ணம். தேயிலை வளராத பாறைச் சரிவைக் காட்டுக்கு விடுவதும் நல்ல காரியம்தான். கொழுந்து தரக்கூடிய ஓடைக்கரையை விட்டுக்கொடுப்பது அதைவிடப் பெரிய காரியம்.

தேயிலைக்குள்ளேயும் செய்ய நிறைய இருக்கிறது. எங்கள் தோட்டங்களில் நிழலுக்கு நிற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். நேராக வளரும், கிளை கழிப்பது சுலபம், அதனால் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் உள்ளூர் மரங்கள் கலந்து நிற்கும் தேயிலையில் பறவைகள் தெளிவாக அதிகம் என்று இங்கேயே கணக்கெடுத்திருக்கிறார்கள். பறவை வந்தால் புழு பூச்சியைப் பொறுக்கும். மருந்து அடிப்பதும் ஒரு பெரிய விஷயம். தேயிலைக் கொசு, சிவப்புச் சிலந்தி, மழைக்காலத்தில் கொப்புள நோய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மருந்து. எதை அடிக்கலாம், அடித்து எத்தனை நாள் கழித்துக் கொழுந்து எடுக்கலாம் என்பதற்கெல்லாம் தேயிலை வாரியம் விதி வைத்திருக்கிறது. நீராறு அணைப் பக்கம், தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்களும் சொல்லித்தருகிறார்கள். விதி தோட்டத்தில் நடக்கிறதா என்பது அந்தந்த சூப்பர்வைசரின் கையில் இருக்கிறது.

இனி என் தொழில். நாலரை கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால் ஒரு கிலோ தூள். வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, டிரையரில் போட்டு ஈரத்தை மூன்று சதவீதத்துக்குக் கொண்டுவரவேண்டும். அந்தச் சூட்டுக்குத்தான் விறகு, ஒரு கிலோ தூளுக்கு ஒரு கிலோவுக்கும் மேலே. நான் வேலை பார்த்த ஃபேக்டரியில் மழையில் நனைந்த விறகையே அடுப்பில் தள்ளுவார்கள். பாதிச் சூடு அந்த ஈரத்தைப் போக்கவே செலவாகும். கொட்டகை போட்டு மாதக்கணக்கில் உலரவைத்துப் பிளந்து எரியுங்கள், விறகு எவ்வளவோ மிச்சமாகும் என்று நானும் பாய்லர்காரரும் சொல்லிக்கொண்டே இருந்தோம். கொட்டகை வர வருடங்கள் ஆயின. வந்த பிறகு விறகு லோடு குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். யாராவது எந்த டீக் கம்பெனியைப் பாராட்டிப் பேசினாலும், அதன் விறகு எங்கிருந்து வருகிறது, எப்படி அடுக்கியிருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும்.

சரி, உன் தவளைக்கு வருகிறேன். அது ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற சர்வதேச அமைப்பு தோட்டங்களுக்குத் தரும் சான்று முத்திரை. யூனிலீவர் 2007இல் தன் லிப்டன் தேயிலையை இந்தச் சான்று பெற்ற தோட்டங்களிலிருந்து வாங்குவதாக அறிவித்த பிறகுதான் டீ உலகத்தில் இது பெரிதாகப் பரவியது. காடு அழிக்கக்கூடாது, வேட்டை கூடாது, ஓடையில் கழிவு விடக்கூடாது, ஆபத்தான மருந்துகள் கூடாது, தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமைகள் என்று வெளியிலிருந்து ஆள் வந்து தணிக்கை செய்வார்கள். நம் நாட்டுச் சந்தைக்கு 2013இல் தொடங்கிய டிரஸ்ட்டீ என்ற முத்திரையும் உண்டு, அதையும் கவனித்துப் பார். இவை இல்லாததைவிட இருப்பது நிச்சயம் நல்லது. தணிக்கை வருகிறது என்ற பேச்சினால் மருந்தடிக்கிறவருக்குக் கையுறையும் முகக்கவசமும் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வாங்கி வை. ஆனால் வாடிக்கையாளரிடம், இதைக் குடித்தால் காடு பிழைத்துவிடும் என்று மட்டும் சொல்லாதே. வால்பாறையில் காடு திரும்பி வந்த இடமெல்லாம், ஒரே ஆட்கள் வருடக்கணக்கில் அங்கேயே தங்கி நட்டுக் களையெடுத்ததால் வந்தது.

கூலியாட்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இங்கே நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். கொழுந்து எடுக்க இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அவர்களுக்கு இந்த மலையும், இங்கே யானையும் சிறுத்தையும் நடமாடுகிற வழிகளும் புதிது. லைன் வீட்டு வாசலில் புதரை வெட்டிவைப்பது, கழிப்பறையை வீட்டோடு கட்டுவது, இரவு விளக்கு போடுவது, இதெல்லாம் சுற்றுச்சூழல் செலவில் சேரவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சிறுத்தைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்க் காட்டைக் காப்பாற்று என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

இதில் உன் பக்கத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1929இல் தொடங்கிய 99 வருடக் குத்தகை 2028இல் முடிய இருக்க, 2024லேயே கம்பெனி வேலையை நிறுத்தியது. தலைமுறைகளாகக் கொழுந்து எடுத்தவர்கள் மலையை விட்டு இறங்கவேண்டியதாயிற்று. காடு காட்டுக்குத் திரும்புவது சரிதான். அந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்த ஜனங்களை நாற்று நடவும், களை எடுக்கவும், காவலுக்கும் அங்கேயே வைத்துக்கொண்டிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை. வால்பாறை நர்சரியில் வேலை செய்கிறவர்களும் இப்படிப்பட்ட குடும்பங்கள்தானே.

இறங்கி வந்தவர்களில் உனக்குத் தெரிந்த குடும்பங்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. தம்பி மகனை ஜூன் கடைசியில் இங்கே அனுப்பிவை. நடவு நடக்கும், நர்சரியைக் காட்டுகிறேன். அட்டை கடிக்கும், அதற்கு மூக்குப்பொடியோ புகையிலையோ கையில் வைத்துக்கொள்ளச் சொல். பொள்ளாச்சியிலிருந்து சாயங்காலத்துக்குள் வந்து சேருகிற பஸ்ஸில் ஏறட்டும்.

அன்புடன்,
தங்கராஜ்