நாலாவது அடியில் ஒரு மூச்சு

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு மாலை

அன்புக் கூட்டாளிக்கு,

கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததென்று தங்கச்சி போனில் சொன்னது. குனியாதே, பாரம் தூக்காதே, பேப்பர் படிக்கவும் அவசரப்படாதே. இந்தக் கடிதத்தையும் நீயாகப் படிக்க வேண்டாம். தங்கச்சியைப் படிக்கச் சொல்லிக் கேள். நான் எழுதப்போவதும் காதால் கேட்க வேண்டிய சங்கதிதான்.

இங்கே எல்லாரும் சுகம். பேத்தி நாலாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். பள்ளியில் செய்யுள் ஒப்புவிக்கும் போட்டி என்று 'பாலும் தெளிதேனும்' மனனம் செய்தாள். என் முன்னால் வந்து நின்றாள், கைகட்டினாள், 'பாலும்' என்று தொடங்கி 'தா' என்று முடிக்கப் பத்து விநாடிகூட ஆகவில்லை. ஓர் எழுத்துப் பிசகவில்லை. ஆனால் பாட்டு என் காதில் விழவே இல்லை.

அன்று முதல் 'ஒப்புவித்தல்' என்ற சொல்லே என்னை உறுத்துகிறது. இரவல் வாங்கிய பொருளைச் சேதமில்லாமல் திருப்பிக் கொடுப்பதுபோல் பிள்ளைகள் செய்யுளை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பள்ளியில் இருந்த காலமெல்லாம் நானும் அப்படித்தானே வாங்கி வைத்தேன்!

அவளை உட்கார வைத்தேன். இரண்டாம் அடியில் 'நான்தருவேன்' வரை சொல்லி நிறுத்தச் சொன்னேன். ஔவைக் கிழவி பிள்ளையாருக்குத் தருவதாகச் சொன்ன நாலும் அங்கே முடிந்தன. பிறகு அந்த அடியின் கடைசியில் தனித்து நிற்கும் தனிச்சொல். 'கோலஞ்செய்' என்று குரலை ஏற்றி, கீழே இறக்காமல் அடுத்த அடியின் 'துங்கக் கரிமுகத்து' வரைக்கும் கொண்டுபோகச் சொன்னேன். கடைசியில் 'சங்கத் தமிழ்மூன்றும்' என்று வந்து, ஒரு நொடி பொறுத்து, 'தா'. வெண்பாவின் 15 சீர்களில் 14 அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கின்றன. கடைசிச் சீருக்கு 'நாள்' என்று வாய்பாடு சொல்லிக் கொடுத்தோமே, அந்த ஒற்றை நெடிலில்தான் கிழவியின் நீட்டிய கை இருக்கிறது என்று எந்த வகுப்பில் சொன்னோம்? மூன்றாம் முறை சொல்லும்போது பேத்தி தானாகவே கையை நீட்டிவிட்டாள்.

அதிலிருந்துதான் எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் தொடங்கியது. எட்டுப் பேர், வீட்டு முன்வாசல், பால் சேர்க்காத தே-ஓ, பெங்காலி ரொட்டி. ஒரு மணி நேரம் பழைய பாட்டை வாய்விட்டுச் சொல்வது மட்டும்தான். உரை, விளக்கமெல்லாம் பாட்டு காதில் ஏறிய பிறகு.

தேவாரத்துக்கு இந்தக் கவலை இல்லை. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் பாட 48 பேரை வைத்தான். உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என்று கல்வெட்டு சொல்கிறது. வாய்க்குச் சோறு போட்டான், பாட்டு பிழைத்தது. இன்றும் ஓதுவார் பண்ணோடு பாடுகிறார். சங்கப் பாட்டுக்கு அப்படியொரு வாய் மிஞ்சவில்லை. உ.வே.சா. 1894இல் புறநானூற்றை அச்சேற்றினார். அவருக்குச் சுவடி கிடைத்தது, பாணன் கிடைக்கவில்லை. ஆனால் யாப்பு அப்படியே இருக்கிறது, கூட்டாளி. அடி எங்கே முடிகிறது, சீர் எங்கே குறைகிறது என்பதெல்லாம் பாடியவர்கள் நமக்கு விட்டுப்போன மூச்சுக் குறிப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

புறநானூற்றில் பாரிமகளிர் பாட்டையே எடுத்துக்கொள். அப்பா பாரியையும் அவர் மலையையும் வேந்தர்களிடம் இழந்த பெண்கள் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

நாலாவது அடியில் மூன்றே சீர். ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்திய அடி, முச்சீராய் வருவது நேரிசை ஆசிரியப்பா என்று தேர்வுக்கு எழுதி மதிப்பெண் வாங்கினோம். வாய்விட்டுச் சொல்லிப் பார். 'வேந்தர்எம்' என்ற இடத்தில் அடி அறுந்து நிற்கிறது. 'எம்' என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்களால் அடுத்த சொல்லை எடுக்க முடியவில்லை. மூச்சு வாங்கின பிறகுதான் 'குன்றும் கொண்டார்' வருகிறது.

கூட்டத்துக்கு ஓர் அக்கா வருகிறார். செபராங் பிறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். படிப்பு ஆறாம் ஆண்டோடு சரி. சின்ன வயதில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் அவர் அப்பா மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு அல்லி அரசாணி மாலையை ராகம் போட்டுப் படிப்பாராம், அக்கம்பக்கத்தார் பாய் விரித்துக் கேட்பார்களாம். அந்த இழுவை இன்னும் அக்காவின் தொண்டையில் இருக்கிறது. நான் ஒருமுறை சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். 'வேந்தர்எம்' என்ற இடத்தில் நான் நின்றதைவிட வெகுநேரம் நின்றார். 'எந்தையும் இலமே' என்று முடித்தபோது அந்த 'ஏ' மெல்ல மெல்ல இறங்கிற்று. தோட்டத்தை வீடு கட்ட விற்று, லயத்தைக் காலி செய்யச் சொன்ன வருஷமே அப்பா போய்ச் சேர்ந்ததாகப் பிறகு ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். அன்று அதற்குமேல் யாரும் பாடவில்லை.

கூட்டத்தில் ஒரு கருத்து வேறுபாடும் உண்டு. ஒரு தம்பி, நல்ல மனசு, கீபோர்டு கொண்டுவந்து குறளுக்கு மெட்டுப் போடலாம், மைக்கில் எதிரொலி கூட்டலாம் என்கிறார். இளையவர்கள் வரவேண்டுமென்ற அக்கறைதான். எனக்கு உடன்பாடில்லை. மெட்டு வந்தால் சீர் அதற்கேற்ப இழுபடும், குறில் நெடிலாகும். விருத்தத்துக்கு ராகம் பொருந்தும், திருப்புகழுக்குத் தாளம்தான் உயிர், அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் பாரிமகளிர் பாட்டு போன்ற ஆசிரியப்பாவின் ஓசை வேறு. 'அகவல் என்பது ஆசிரியம்மே' என்கிறார் தொல்காப்பியர். அகவுதல் என்றால் அழைத்தல். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஓடும் ஒரு கூப்பிடு குரல் அது. மேடையில் கையை ஆட்டி முழங்குவதும் அதைக் கெடுக்கிறது. அதைத் தம்பிக்கு எப்படிப் பாடிக் காட்டுவது என்றுதான் யோசிக்கிறேன்.

அதற்கு நீ வேண்டும். ஆசிரியப்பாவின் அகவலும் வெண்பாவின் செப்பலும் ஓரளவு கைவந்துவிட்டன. கலிப்பாவின் துள்ளலோசை எங்கள் எட்டுப் பேரில் ஒருவருக்கும் வரவில்லை. விடுதியில் இரவு விளக்கணைத்த பிறகு நீ கலித்தொகை சொல்வாயே, அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணுக்குத்தான் ஓய்வு. தங்கச்சி போனைப் பிடிக்கட்டும், நினைவிலிருந்து ஒரு பாட்டைச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பு. மறந்த இடத்தில் நிறுத்திவிடு, பரவாயில்லை. தைப்பூசத்துக்கு இந்த முறை பத்துமலையை விட்டுவிட்டு இங்கே பினாங்கில் தண்ணீர்மலைக்கு வா. பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு ஃபெரி, ஜெட்டியில் நான் நிற்பேன். முந்திய வெள்ளிக்கே வந்துவிடு.

தங்கச்சி, உனக்கு ஒன்று. மேலே பாரிமகளிர் பாட்டை வேகமாக வாசித்துவிட்டுப் போயிருந்தால், நாலாவது அடியில் கொஞ்சம் நின்று இன்னொரு முறை அவனுக்கு வாசித்துக் காட்டம்மா.

என்றும் உன்
கூட்டாளி