வாத்தியங்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக இசை விழாக்களைப் பற்றி வரும் கட்டுரைகளில், லத்தீன் அமெரிக்கப் பெண் கலைஞர்களின் உடையும் உற்சாகமும் பெறும் இடத்தை அவர்களின் வாத்தியங்கள் பெறுவதில்லை. ‘லதாமா’ குழுவையே எடுத்துக்கொள்ளலாம். 2014-இல் ‘ஒன்பீட்’ என்னும் இசைப் பரிமாற்றத் திட்டத்தில் சந்தித்த வெனிசுவேலா, கொலம்பியா, பிரேசில், அமெரிக்க நாட்டுப் பெண்கள் சேர்ந்து அமைத்தது அது. அக்குழுவின் வெனிசுவேலக் கலைஞர் மாஃபேர் பந்தோலா மீட்டுவது, அவர் பெயரிலும் உள்ள ‘பந்தோலா’; அது கால்நடை வளர்ப்போர் வாழும் வெனிசுவேலச் சமவெளியின் ஹொரோப்போ இசைக்கு உரிய நான்கு தந்தி வாத்தியம். இரண்டாகவும் மூன்றாகவும் ஒரே நேரத்தில் எண்ணத் தோன்றும் அவ்விசையின் தாளக்கட்டு, கொலம்பியக் கரீபியக் கரையின் ‘கும்பியா’ என்னும் நடன இசைக்குரிய சீரான இரட்டை நடையோடு எளிதில் ஒட்டாது. இவற்றுடன் பிரேசிலின் லாரா கிளாவுஸ் தம் ஊர்ப்பக்கத்துத் தாளங்களையும் இணைக்கும்போது, அது வெறும் கலவையாக அன்றி நுட்பமான கணக்காகவே அமைகிறது.

கொலம்பியாவின் அந்தக் கரீபியக் கரையோர மரபில் பெண்கள் பெரும்பாலும் பாடினார்கள், ஆண்களே முழவு வாசித்தார்கள். ஆகவே குழுவின் கொலம்பியக் கலைஞர் டேனியலா செர்னா ‘தம்போர் அலெக்ரே’ முழவின் முன் அமர்வது, மேடை அழகுக்கும் அப்பால் பொருள் உடையது. (நம் நாட்டு மிருதங்க மேடைகளும் இதை அறியாதவை அல்ல.)

இனி வரும் விமர்சனங்களில் ‘பெண்கள் கலக்கினார்கள்’ என்ற ஒற்றை வரியைக் குறைத்து, யார் எந்த வாத்தியத்தை எந்த மரபிலிருந்து வாசித்தார் என்பதையாவது குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இசை வாசகர்