தம்பிக்கு: கண்ணாடியைத் தொடுவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

வண்ணக் கண்ணாடி வகுப்பில் சேர்ந்துவிட்டேன் என்று நீ ஃபோனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. என்னென்ன கருவி வாங்கணும் அக்கா என்று கேட்டாய். பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம், இரண்டு நிமிட வேலை. நான் சொல்ல நினைப்பது பட்டியலில் அடங்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள். உன் வகுப்பில் சொல்லித்தருவது ஈயப்பட்டை வேலையா, செப்பு நாடா வேலையா? புதிதாக வருகிறவர்களுக்குப் பல இடங்களில் செப்பு நாடாவைத்தான் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணாடித் துண்டின் விளிம்பிலும் மெல்லிய செப்பு நாடாவை ஒட்டி, நாடாவோடு நாடாவைப் பற்றவைப்பது. அமெரிக்காவில் டிஃபனி பட்டறையின் விளக்குகளால் புகழ்பெற்ற முறை அது. விளக்குக்கும் சிறிய பொருளுக்கும் அருமையாக இருக்கும். ஆனால் உனக்கு ஆசை, இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பெரிய தேவாலயமான யார்க் மின்ஸ்டரில் என் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாயே, அந்த மாதிரி ஜன்னல் மேல். அதற்கு ஈயப்பட்டைதான், பள்ளமுள்ள ஈயப் பட்டைகளில் துண்டுகளைக் கோத்து, பட்டைகள் சேரும் இடங்களைப் பற்றவைப்பது. அந்த வகுப்பு இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் காத்திருந்தாவது அதில் சேர்.

சரி, அந்த ஜன்னலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மின்ஸ்டரின் கிழக்குப் பெருஞ்ஜன்னல் 1405இல் தொடங்கி 1408இல் முடிந்தது. செய்தவர் கோவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தோர்ன்டன். ஒப்பந்தப்படி வாரத்துக்கு 4 ஷில்லிங், வருடத்துக்கு 5 பவுண்ட், வேலையை ஒழுங்காக முடித்தால் கடைசியில் 10 பவுண்ட். பட்டறையில் வெட்டவும் கோக்கவும் ஆட்கள் இருந்திருப்பார்கள். ஆனால் உருவங்களைத் தோர்ன்டன் தன் கையால் வரைய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய வெளிச்சம் கிடைத்த மாதிரி இருந்தது. நாமெல்லாம் இந்தக் கலை கண்ணாடியை வெட்டுவதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போகிறோம். வரைகிற தாளிலேயே ஜன்னலில் பாதி முடிந்துவிடுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். 'ட' என்ற எழுத்தை எடுத்துக்கொள். அதன் உள்மூலை மாதிரி ஒரு செங்கோண வெட்டு கண்ணாடியில் வராது. கீறல் போட்டு உடைத்தால் விரிசல் அந்த மூலையில் திரும்பாமல் நேராக ஓடிவிடும். அப்படி ஒரு மூலை வருகிற இடத்தில் ஒரு ஈயக்கோடு போயே ஆக வேண்டும், 'ட'வை இரண்டு துண்டாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆழமான வளைவும் அப்படித்தான். அதனால் ஈயக்கோடு என்பது படத்தை வரைந்து முடித்துவிட்டு மேலே போடுகிற பார்டர் அல்ல. கண்ணாடி எங்கே உடையும், காற்று அடித்தால் பலகம், அதாவது ஈயத்தில் கோத்து முடித்த கண்ணாடிப் பகுதி, எங்கே மடியும், கண் எந்த வழியாகப் போகும் என்ற மூன்றையும் அந்த ஒரே கோடு பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல ஜன்னலில் அந்தக் கோடு கையின் மடிப்பாக, துணியின் ஓரமாகப் போகும். மோசமான ஜன்னலில் முகத்துக்குக் குறுக்கே போகும்.

முகத்துக்குக் குறுக்கே போவதை அந்தக் கிழக்கு ஜன்னலிலேயே பார்க்க முடிந்தது. நூற்றாண்டுகளாகக் கண்ணாடி விரிசல் விடும்போதெல்லாம், விரிசலின் மேல் ஒரு ஈயப்பட்டையைப் புகுத்தி ஒட்டவைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அப்படிச் சேர்ந்துசேர்ந்து படங்கள் சிலந்திவலை பின்னியது போல் ஆகி, யார் யாரென்று தெரியாமல் போயிருந்தது. பழைய ஜன்னல்களைப் பழுதுபார்க்கும் யார்க் கிளேசியர்ஸ் டிரஸ்ட் 311 பலகங்களையும் கழற்றி, தேவையில்லாத ஈயத்தை எடுத்துவிட்டு, உடைந்த விளிம்புகளைப் பசையால் சேர்த்து, 2018இல் வேலையை முடித்தது. கோடு குறைந்ததும் முகங்கள் திரும்ப வந்துவிட்டன. அடுத்த முறை நீ வரும்போது கீழ்வரிசையின் பக்கத்தில் நின்று பார், நான் சொல்வது புரியும்.

இப்போது என் சொந்தக் கதை. என் முதல் பலகம் 30 சென்டிமீட்டர் சதுரம். அகலவாக்கில் எட்டுத் துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் அழகாக வெட்டினேன், ஆசிரியர்கூடப் பாராட்டினார். கோத்து முடித்து அளந்தால் சட்டத்தைவிட 6 மில்லிமீட்டர் அதிகம். உட்காரவில்லை. எங்கே தப்பு என்று தேடியதில், நான் கோட்டின் நடுவில் வெட்டியிருந்தேன். ஈயப்பட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எச் எழுத்து படுத்திருக்கும். இரண்டு பக்கமும் கண்ணாடி நுழையும் பள்ளம், கண்ணாடியை மேலும் கீழும் பிடித்துக்கொள்ளும் இதழ்கள், நடுவே ஒரு மெல்லிய சுவர். அந்தச் சுவரை இங்கே இதயம் என்றே சொல்கிறார்கள். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். அந்தக் கனத்துக்குத் துண்டுகளுக்கு நடுவே இடம் விட வேண்டும். அதனால் தாளில் போடும் கோடே அந்தப் பருமனில் இருக்கணும், கண்ணாடியைக் கோட்டின் உள்ளோரத்தில் வெட்டணும். நான் ஒவ்வொரு துண்டிலும் ஒரு மயிரிழை அதிகம் விட்டேன், எட்டுத் துண்டில் அது 6 மில்லிமீட்டராக நின்றது. அன்றைக்கு அத்தனையும் பிரித்து, விளிம்புகளைத் தேய்த்து, மறுபடி கோத்தேன். மூன்று வாரம் போயிற்று. உனக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும்.

வெட்டுவதற்கு வருகிறேன். நம் ஊரில் சாமி படத்துக்கு ஃபிரேம் போடுகிற கடையில் பார்த்திருப்பாய். ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு, அப்புறம் மேஜை விளிம்பில் வைத்து ஒரு தட்டு, கண்ணாடி இரண்டாகிவிடும். அதே சங்கதிதான். கட்டர் கண்ணாடியை வெட்டுவதில்லை, மேலே ஒரு கீறல் போடுகிறது, அவ்வளவுதான். உடைப்பது உன் இரண்டு கட்டைவிரலும். கீறும்போது 'சர்ர்' என்று சன்னமாக, ஒரே சீராகச் சத்தம் வர வேண்டும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் அழுத்தம் போதவில்லை. கரகரவென்று தூள் பறந்தால் அழுத்தம் அதிகம். கையைவிடக் காதை நம்பு. ஒரு முறை கீறிய இடத்தில் இரண்டாம் முறை கீறாதே, கட்டர் நுனியில் இருக்கிற சக்கரமும் கெட்டுப்போகும், விரிசலும் தாறுமாறாக ஓடும். உள்வளைவு வந்தால் ஒரே கடியில் எடுக்கப் பார்க்காதே. கொய்யாவை அணில் கொறிக்கிற மாதிரி சின்னச்சின்ன வளைவாகக் கீறி, குறட்டால் ஒவ்வொன்றாக எடு.

இந்தச் சக்கரக் கட்டர் 19ஆம் நூற்றாண்டு விஷயம். 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி இந்த வேலையை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். வெள்ளை பூசிய மரப்பலகையில் படத்தை வரைந்து, அதன் மேல் கண்ணாடியை வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் விரிசல் விட்டு, பிறகு ஒரு இரும்பால் விளிம்பைக் கொறித்துக் கொறித்து வடிவத்துக்குக் கொண்டுவருவது. அதையும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்த வளைவுகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கோப்பதற்கு ஒரு பலகை போதும். இரண்டு ரீப்பர் கட்டையைச் செங்கோணமாக அடித்துக்கொள். அந்த மூலையிலிருந்து ஆரம்பித்து வெளியே போக வேண்டும். ஈயப்பட்டையை அப்படியே எடுத்து வைக்காதே. ஒரு முனையை வைஸில் மாட்டி, மறுமுனையைக் குறட்டால் பிடித்து இழுத்தால் கோணல் நிமிர்ந்து கொஞ்சம் விறைப்பாகும். துண்டு நகராமல் இருக்கக் குதிரை லாட ஆணி. தட்டையான பக்கம் இருப்பதால் அது கண்ணாடியைச் சில்லாக்காது. ஈயத்தை வெட்டும்போது கத்தியை நேரே அழுத்தாதே, இடமும் வலமுமாக ஆட்டியபடி இறக்கு. அழுத்தினால் இதயம் நசுங்கிவிடும், அப்புறம் கண்ணாடி உள்ளே போகாது.

பற்றவைப்பது உனக்குப் புதிதாக இருக்காது என்று நினைக்கிறேன். நம் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார், ஞாபகம் இருக்கிறதா? பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரத்தைத் தூவுவார், வெள்ளையாகப் புகை கிளம்பும், ஈயத்தை ஒரு தொடு தொட்டுத் துணியால் சுற்றித் தேய்த்ததும் உள்ளே வெள்ளி மாதிரி பளபளக்கும். ஈயம் நன்றாகப் பிடிக்க அந்த நவச்சாரம் என்ன செய்ததோ அதையே இங்கே கொழுப்பு மெழுகுவர்த்தி செய்கிறது. மாட்டுக் கொழுப்பில் செய்த மெழுகுவர்த்திதான், இங்கே பழைய ஆட்கள் வேறெதையும் தொட மாட்டார்கள். மூட்டைக் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்து, மெழுகை ஒரு தடவை தடவி, பற்றாசுக் கம்பியின் நுனியை மேலே வைத்து, சால்டரிங் அயர்னை அதன் மேல் இறக்கு. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணு, நேராக மேலே எடு. மூட்டின் மேல் ஒரு தட்டையான பொட்டு நிற்க வேண்டும். பற்றாசு வெள்ளீயமும் காரீயமும் கலந்தது, வழக்கமாக 60க்கு 40. அது 190 டிகிரிக்குள் உருகிவிடும். தனிக் காரீயம் 327 டிகிரியில் உருகும். இந்த இடைவெளிதான் நமக்குப் பிழைப்பு. ஆனால் அயர்ன் அதைவிடச் சூடாக இருக்கும், தயங்கி நின்றால் பட்டையே ஓட்டையாகிவிடும்.

வெள்ளீயம், காரீயம் என்று எழுதியதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அம்மா ஈயச் சொம்பில்தானே ரசம் வைத்தாள், அதற்கு என்ன ஆகிவிட்டது என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். அம்மாவின் சொம்பு வெள்ளீயம். நீ கையாளப்போவது காரீயம். தமிழில் இரண்டையும் ஈயம் என்று ஒரே பேரில் கூப்பிட்டுவிடுகிறோம், அதில்தான் குழப்பம். காரீயம் நஞ்சு, உடம்புக்குள் போனால் தங்கிவிடும். பெரும்பாலும் கை வழியாகவும் தூசி வழியாகவும்தான் உள்ளே போகிறது. அதனால் வேலை மேஜையில் டீ கிளாஸ் இருக்கக் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவு. வேலைச் சட்டையைத் தனியாகத் துவை. தூசியைப் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. பழைய ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் முகமூடி இல்லாமல் தொடாதே. வீட்டில் குழந்தை தவழுகிற வயதில் இருக்கிறாள். சமையலறை மேஜையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம், ஷெட்டைச் சுத்தம் செய்துகொள். இதில் மட்டும் அக்காவாக அதிகாரம் செய்கிறேன்.

ஒரு பக்கம் பற்றவைத்ததும் பலகத்தைத் தட்டு மாதிரி தூக்கித் திருப்பாதே, நடுவில் மடிந்துவிடும். மேஜை ஓரத்துக்கு நகர்த்தி, பாதி வெளியே வந்ததும் செங்குத்தாக நிமிர்த்தித் திருப்பு.

கடைசியாக மக்கு. எல்லாருக்கும் பிடிக்காத வேலை, எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆசாரிகள் மரச் சந்தில் வைக்கிற மக்கு தெரியும்தானே, அதன் நெருங்கிய உறவு இது. சாக் பவுடர், ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் டர்பன்டைன், கறுப்புக்குப் புகைக்கரி. கூழ் பதத்தில் குழைத்து, பழைய பிரஷால் ஈயத்தின் இதழ்களுக்கு அடியில் திணித்துத் திணித்து ஏற்ற வேண்டும். அதுவரை பலகத்தைத் தட்டினால் கடகடவென்று ஆடும். மக்கு ஏறியதும் சத்தம் அடங்கிவிடும். அப்புறம் காய்ந்த சாக் பவுடரைத் தூவி, எண்ணெயை உறிஞ்சவிட்டு, மரக்குச்சியால் ஓரங்களை வழித்து, பிரஷால் தேய்த்துக்கொண்டே இரு. அரை மணி நேரத்தில் சாம்பல் நிற ஈயம் கருகருவென்று மெருகேறி வரும். மழையும் காற்றும் உள்ளே வராமல் நிற்பது இதனால்தான். நூறு, நூற்றைம்பது வருடத்தில் ஈயம் தளர்ந்துவிடும், யாராவது பிரித்துப் புது ஈயம் கோப்பார்கள். கண்ணாடி அப்படியே இருக்கும்.

முதல் பலகத்துக்கு ரோஜாப்பூவோ மயிலோ வேண்டாம். நேர்க்கோடுகள், இரண்டே இரண்டு மெல்லிய வளைவு, ஆறேழு துண்டு. நிறத்திலும் நிதானம். நீலம் தன் வெளிச்சத்தைப் பக்கத்து நிறங்கள் மேலும் கொட்டும், சிவப்பு தன் இடத்திலேயே நிற்கும். கடையில் கண்ணாடித் தகட்டை மேஜையில் வைத்துப் பார்க்காதே, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார். வாயால் ஊதிச் செய்த தகடு கிடைத்தால் விலையைப் பார்க்காமல் ஒரு சின்னத் துண்டாவது வாங்கு. அதில் குமிழியும் அலையும் இருக்கும், வெயில் பட்டால் உயிர் இருக்கிற மாதிரி தெரியும். அந்தக் கைவேலைக் கண்ணாடியை 2023இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு பிரிட்டனில் ஊதித் தகடு செய்யும் தொழில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் இன்னும் செய்கிறார்கள். இருக்கும்போதே வாங்கி வேலை செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பதைப்பு உண்டு.

கருவிகள்: கட்டர், கொறிக்கும் குறடு, ஈயக் கத்தி, ஒரு பிடி லாட ஆணி. இவை போதும், சால்டரிங் அயர்ன் வகுப்பிலேயே இருக்கும். ஈயத்தின் இதழை விரிக்க ஒரு சின்ன மரத்துண்டு வேண்டும், லாத்கின் என்பார்கள். அதை வாங்காதே. பாக்ஸ்வுட்டில் நான் செதுக்கி ஆறு வருடம் பயன்படுத்தியது என்னிடம் இருக்கிறது. நுனி வழவழப்பாகி, கட்டைவிரல் படுகிற இடத்தில் லேசாகக் குழி விழுந்திருக்கிறது. நேற்றுத் தபாலில் போட்டுவிட்டேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும்.

அன்புடன்,
அக்கா